ரேச், லைமர், அலான்ட்: வேட்டைநாய்களும் பழைய ஆங்கிலமும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இடைக்கால இங்கிலாந்தின் மான் வேட்டையைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மானையும் பிரபுக்களையும் விட்டுவிட்டு நாய்களைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த மூலை அதுதான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: நான் ஜெர்மன் படிக்கிறேன். அதில் எந்த நாயாக இருந்தாலும் ஹுண்ட்தான். ஆங்கிலத்தில் மட்டும் நாய்க்கு டாக், வேட்டைநாய்க்கு ஹவுண்ட் என்று பிரிந்தது எப்படி?

பிரியாமல்தான் இருந்தது. பிரான்சிலிருந்து நார்மன்கள் 1066-இல் படையெடுத்து வருவதற்கு முன்பு பேசப்பட்ட ஆங்கிலத்திலும் ஹுண்ட் என்றால் காவல் நாய், ஆட்டுமந்தை நாய், வேட்டைநாய், சும்மா திரிகிற நாய் எல்லாம் அடக்கம். டொக்கா என்ற சொல் 11-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஒரு லத்தீன் நூலுக்கு எழுதிய சொற்பொருள் குறிப்பில் தலைகாட்டுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அதைப்போல ஒலிக்கும் சொற்கள் உண்டு, ஆனால் அவை ஆங்கிலத்திலிருந்து கடன் போனவை. தவளைக்கும் பன்றிக்கும் ஆண்மானுக்கும் ஆங்கிலத்தில் உள்ள ஃபிராக், பிக், ஸ்டாக் ஆகியவையும் இதே வார்ப்பில் அமைந்த பேச்சுவழக்குச் சொற்கள்தான். 16-ஆம் நூற்றாண்டுக்குள் டாக் பொதுச்சொல் ஆகி, ஹவுண்ட் வேட்டைக்காரர்களிடம் ஒதுங்கிவிட்டது. அரண்மனை வேட்டைப் பேச்சில் அது அவ்வளவு அழுத்தமாக ஊன்றியிருந்ததால்தான் தப்பிப் பிழைத்தது என்பது என் எண்ணம். இன்றைக்கும் நரிவேட்டைக் கூட்டத்தில் நின்று அந்த நாய்களைப் பார்த்து டாக் என்று சொன்னால் உடனே திருத்துவார்கள். அவர்கள் பேச்சில் டாக் ஹவுண்ட் என்றால் ஆண், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய வேட்டை நூல்களில் ரேச், லைமர், அலான்ட், கென்னெட் என்றெல்லாம் நாய்களின் பெயர்கள் வருகின்றன. இவை இன்றைய எந்த இனங்கள்? ஒரு பட்டியலாகத் தர முடியுமா சார்?

பட்டியல் தரமாட்டேன், தந்தால் அது தப்பான பட்டியலாக இருக்கும். இந்தக் கேள்வியை வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் இன்று நாய் என்றதும் இனத்தை நினைக்கிறோம்: தாய் யார், தந்தை யார், பதிவுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று. இது 19-ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். இங்கிலாந்தின் முதல் நாய்க் கண்காட்சி நியூகாசலில் நடந்தது 1859-இல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு நாயைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: இது என்ன வேலை செய்யும்? ரேச், லைமர் எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்கள். மூக்கால் துரத்துவதா கண்ணால் துரத்துவதா, கூட்டமாக ஓடுவதா வாரில் பிடித்தபடி போவதா, குரைக்க வேண்டியதா வாயைத் திறக்கக் கூடாததா என்று நாயின் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

ரேச் என்றால் கூட்டமாக, மோப்பம் பிடித்தபடி, சத்தம் போட்டுக்கொண்டே ஓடும் நாய். நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். லைமரும் மோப்ப நாய்தான், சொல்லப்போனால் அதே குட்டிகளில் ஒன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் அதன் வேலை நேர் எதிர். விடியும் முன்பே ஒரு வேட்டைக்காரர் அதை நீண்ட வாரில் பிடித்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போவார். மான் இரவில் எங்கே மேய்ந்தது, இப்போது எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்று அது மூக்கைத் தரையில் வைத்தபடி கண்டுபிடிக்க வேண்டும், வழியில் ஒரு முறைகூடக் குரைக்கக் கூடாது. குரைத்தால் மான் எழுந்து போய்விடும், அன்றைய வேட்டையே கெட்டது. லைமர் என்ற பெயரே வாருக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

அலான்ட் பெரிய தலையும் பலமான தாடையும் உள்ள முரட்டு நாய், கரடி, காட்டுப்பன்றி போன்றவற்றைக் கவ்விப் பிடித்து நிறுத்துவதற்கு. இதைப் பற்றி நன்றாக எழுதியிருப்பவர் யார்க் பிரபு எட்வர்ட். அரசர் நான்காம் ஹென்றியின் வேட்டைத் தலைவராக இருந்தவர், 1415-இல் அஜின்கோர்ட் போரில் இறந்துபோனார். 1406-க்கும் 1413-க்கும் இடையில் அவர் எழுதிய வேட்டை நூலில் பெரும்பகுதி காஸ்டன் ஃபீபஸ் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் நூலின் மொழிபெயர்ப்பு, சில அத்தியாயங்கள் அவருடைய சொந்த அனுபவம். அதில் அலான்ட் மூன்று வகை, அதில் ஒன்று கசாப்புக்காரர்களின் அலான்ட்: வாங்கிய மாடுகளை ஓட்டிவர உதவும், கழிவு இறைச்சி தின்று வளரும், அதனால் செலவு இல்லாதது. கவனியுங்கள், இந்த வகையைப் பிரிக்கும் கோடு நாயின் உடம்பில் இல்லை, அதை வைத்திருப்பவரின் தொழிலில் இருக்கிறது.

கென்னெட் என்பது சின்ன வேட்டைநாய், முயல் போன்ற சிறிய விலங்குகளுக்கு. பிராக் என்று ஒரு சொல் பார்த்திருப்பீர்கள், அது கடைசியில் பெட்டை வேட்டைநாயை மட்டும் குறிக்கும் மரியாதையான சொல்லாக நின்றுவிட்டது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது டம்ப்ளர். கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கீஸ் 1570-இல் பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார், 1576-இல் அதன் ஆங்கில வடிவம் வந்தது. (அவர் பெயரை எழுத்தில் பார்த்தால் காயஸ் என்று படிக்கத் தோன்றும், கேம்பிரிட்ஜில் அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியைக் கீஸ் என்றே சொல்கிறார்கள்.) அவர் விவரிக்கும் டம்ப்ளர் முயலைத் துரத்தாது. முயல்கள் இருக்கும் இடத்தில், அவற்றைக் கவனிக்காததுபோல உடம்பை வளைத்து, உருண்டு, வட்டம் போட்டு விளையாடிக்கொண்டே நெருங்கும், கைக்கெட்டும் தூரம் வந்ததும் பாய்ந்து கவ்வும். இந்த வேலை போனதும் டம்ப்ளரும் போய்விட்டது. அதற்கு வாரிசு எந்த இனம் என்று கேட்பதில் பொருளே இல்லை.

வேலைப் பெயர் அப்படியே இனப் பெயராக உறைந்துபோனதும் உண்டு. செட்டர் பறவையை மோப்பம் பிடித்ததும் அப்படியே தரையோடு பதுங்கிவிடும், துப்பாக்கிக்கு முந்தைய காலத்தில் பின்னால் வருபவர் வலையை விரித்துப் பறவைகளின் மேல் போர்த்தும்போது குறுக்கே நிற்காமல் இருக்கத்தான் அந்தப் பதுங்கல். ரெட்ரீவர் என்ற சொல்லின் பழைய பொருள் எடுத்துவருவதுகூட இல்லை, பறந்து போய் ஒளிந்துகொண்ட பறவையை மறுபடி தேடிக் கிளப்புவது. டெரியர், மண்ணுக்குள் வளையில் இறங்குவது. ஸ்பானியல் மட்டும் விதிவிலக்கு, அது ஸ்பெயினிலிருந்து வந்ததாகக் கருதப்பட்டதால் வந்த பெயர்.

அதனால் பழைய ஓவியத்தில் ஒரு நாயைப் பார்த்ததும் இது இன்ன இனம் என்று முத்திரை குத்தும் கட்டுரைகளை நம்பாதீர்கள். அந்த நாய் படத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள், கழுத்தில் வார் இருக்கிறதா, எத்தனை நாய்கள் சேர்ந்து நிற்கின்றன என்று பாருங்கள். பெயர் தானாகத் தெரியும்.

கேள்வி: கிரேஹவுண்ட் என்றால் சாம்பல் நிற நாய்தானே? ஆனால் பழுப்பு, வெள்ளை, கறுப்பு எல்லாம் இருக்கிறதே?

நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய ஆங்கில வடிவம் கிரீக்ஹுண்ட். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இதற்கு இணையான சொல்லில் உள்ள கிரே, பெட்டை நாயைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் ஒலி ஒன்றாகிவிட்டதால் எல்லாரும் நிறம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: நரிவேட்டையில் நாய்களைப் பன்னிரண்டரை ஜோடி என்று எண்ணுவதாகப் படித்தேன். அரை ஜோடி என்றால் என்ன? நேரடியாக இருபத்தைந்து என்று சொன்னால் என்ன?

கணக்கு சரிதான், பன்னிரண்டரை ஜோடி என்றால் 25 நாய். ஜோடிக் கணக்குக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு கழுத்துப்பட்டைகளைச் சின்னச் சங்கிலியால் இணைத்திருப்பார்கள், அதற்கே கப்பிள்ஸ் என்று பெயர். கூட்டமாக ஓடும் மோப்ப நாய்களை வேட்டைக் களம் வரை இரண்டிரண்டாகப் பூட்டித்தான் நடத்திப் போவார்கள். புதிதாக வந்த இளம் நாயை அனுபவமுள்ள நாயோடு சேர்த்துப் பூட்டுவதும் உண்டு. கிழநாய் எங்கே நிற்கிறது, எந்த அதட்டலுக்குத் திரும்புகிறது, எந்த ஆட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறது என்பதையெல்லாம் சின்னது கழுத்து இழுபடும்போது கற்றுக்கொள்ளும். மனிதர் பத்து நாள் கத்திச் சொல்லிக்கொடுப்பதைவிட இது சுலபம்.

கிரேஹவுண்டுக்கு வேறு எண்ணிக்கை. இரண்டு என்றால் பிரேஸ், மூன்று என்றால் லீஷ். ஆம், நாயைக் கட்டும் வாருக்கு நாம் சொல்லும் அதே லீஷ்தான், ஒரு ஆள் ஒரு கையில் மூன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் எண்ணிக்கைக்கும் அந்தப் பெயர் வந்தது. அந்த ஆளுக்கு ஃப்யூட்டரர் என்று பெயர். வாரைக் கழுத்து வளையத்துக்குள் நுழைத்து இரு முனைகளையும் கையில் வைத்திருப்பார், மான் கண்ணில் பட்டதும் ஒரு முனையை விட்டால் போதும், உருவிக்கொண்டு நாய் பாய்ந்துவிடும். அவிழ்க்க நேரம் கிடையாது, ஏனென்றால் கிரேஹவுண்ட் கண்ணால் துரத்தும் நாய், இரை மறைந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. போரின் நாய்களை அவிழ்த்துவிடுவதாக ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் வரியில் உள்ள ஸ்லிப் இந்த உருவுதல்தான்.

கேள்வி: மானின் புழுக்கைக்கு ஒரு சொல், முயலின் புழுக்கைக்கு ஒரு சொல், பன்றிக்கு இன்னொன்று. இதெல்லாம் பிரபுக்கள் தங்களை உயர்த்திக் காட்டிக்கொள்ளச் செய்த வேலை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாதி ஒப்புக்கொள்கிறேன். வேட்டைச் சொல்லைத் தப்பாகச் சொல்கிறவன் பிறப்பால் பிரபு இல்லை என்று முடிவுகட்டிய சமூகம் அது. 1486-இல் செயின்ட் ஆல்பன்ஸில் அச்சான நூலில் நாய்க் கூட்டத்துக்கு ஒரு சொல், குட்டிகளுக்கு ஒரு சொல், கோழை நாய்களுக்கு ஒரு சொல் என்று அடுக்கியிருப்பதில் பலவற்றை யாரும் காட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள், அது மனப்பாடம் செய்து ஒப்பிக்க. ஆனால் அதே நூலில்தான் நல்ல கிரேஹவுண்டுக்குப் பாம்புத் தலை, வாத்துக் கழுத்து, பூனைப் பாதம், எலி வால் வேண்டும் என்ற செய்யுளும் இருக்கிறது. நாய் வாங்கப் போகிறவனுக்கு அதைவிடச் சுருக்கமான குறிப்பு கிடைக்காது.

புழுக்கை விஷயத்துக்கு வருவோம். மானுடையது ஃப்யூமெட்ஸ். லைமரோடு விடியற்காலையில் போனவர் என்று மேலே சொன்னேன் இல்லையா, அவர் வெறும் கையோடு திரும்ப முடியாது. வழியில் கிடைத்த புழுக்கையை எடுத்துத் தன் ஊதுகொம்புக்குள் போட்டு, நசுங்காமல் இருக்கக் கொம்பின் வாயில் புல்லைத் திணித்து அடைத்துக்கொண்டு வருவார். காட்டில் ஒரு திறந்த இடத்தில் பிரபுவும் கூட்டமும் காலை உணவுக்கு உட்கார்ந்திருப்பார்கள், அங்கே இலைமேல் கொட்டிக் காட்டுவார். இன்னொரு பக்கம் போனவரும் தான் கொண்டுவந்ததைக் கொட்டுவார். எது பெரியது, எது கெட்டியாக இருக்கிறது, எது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கிறது என்று பார்த்து, எந்த மானைத் துரத்துவது என்று அந்த இடத்தில் முடிவாகும். குளம்புத் தடத்துக்கு ஸ்லாட் என்று பெயர், அதை விரலால் அளப்பார்கள், நான்கு விரல் அகலம் இருந்தால் கொம்பில் பத்துக் கிளை உள்ள, வேட்டைக்குத் தகுந்த முதிர்ந்த மான் என்று கணக்கு. கண்ணால் பார்க்காத ஒரு மிருகத்தின் வயதையும் எடையையும் பேசி முடிவெடுக்க இத்தனை சொற்கள் தேவைப்பட்டன. அதை வெட்டி ஜம்பம் என்று என்னால் தள்ள முடியாது.

நீர்நாயின் எச்சத்துக்கு அன்றைய வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் ஸ்ப்ரெய்ன்ட். இன்றைக்கு நீர்நாயைக் காப்பாற்ற ஆற்றங்கரையில் கணக்கெடுக்கும் உயிரியலாளர்களும் அதே சொல்லைத்தான் ஆய்வேடுகளில் எழுதுகிறார்கள். பயன் இல்லாத சொல்லாக இருந்தால் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்காது.

கேள்வி: நாடாளுமன்றக் கொறடாவுக்கும் நாய்க்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

உண்மை. நாய்க் கூட்டம் சிதறாமல், தடம் மாறாமல், சாட்டையோடு பக்கவாட்டில் குதிரையில் வருபவர் விப்பர்-இன். கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்குத் திரட்டிக் கொண்டுவருபவருக்கு 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு விப் என்று சுருங்கியது.

நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். கட்டுக்கடங்காமல் போவதை ரன் ரயட் என்கிறோம், ரயட் என்றால் முயலைத் துரத்த வேண்டிய நாய் மானின் வாடைக்குப் பின்னால் போய்விடுவது. ரிலே ஓட்டத்தின் ரிலே, மான் ஓடும் வழியில் முன்கூட்டியே நிறுத்திவைத்த களைப்பில்லாத நாய்கள். அட் பே என்பதில் வரும் பே, குரைப்பு: ஓடிக் களைத்த மான் திரும்பி நின்று நாய்களை எதிர்கொள்ளும் நேரம். குவாரி என்றால் இன்று துரத்தப்படும் இரை, முதலில் அது வேட்டை முடிந்ததும் உரித்த தோலின்மேல் வைத்து நாய்களுக்குக் கொடுத்த பங்கு. முயல் வேட்டையில் சோஹோ என்று கூவுவார்கள், லண்டனின் சோஹோ பகுதிக்கு அந்தக் கூவலிலிருந்துதான் பெயர் வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

கேள்வி: கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் துப்புக்குச் சொல்லும் ரெட் ஹெர்ரிங் என்ற சொல்லும் நாய்களைத் திசைதிருப்பப் புகையூட்டிய மீனைத் தடத்தின் குறுக்கே இழுத்ததால் வந்தது என்கிறார்களே?

அப்படி ஒரு வழக்கம் வேட்டைக்காரர்களிடம் இருந்ததற்கு நல்ல சான்று இல்லை. வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1807-இல், சிறுவயதில் முயலின் தடத்திலிருந்து நாய்களை விலக்க இப்படிச் செய்ததாக ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டதாக வந்த பொய்ச் செய்தியின் பின்னால் ஓடி உள்நாட்டுப் பிரச்சினைகளை மறந்த பத்திரிகைகளைக் கண்டிக்கத்தான் அந்தக் கதை. அதிலிருந்து சொல் பரவியது.

கேள்வி: அரசர் காட்டுப் பக்கம் இருந்த ஏழைகளின் நாய்களுக்குக் கால்விரலை வெட்டினார்களாமே? படித்தபோது மனசு கனத்துவிட்டது.

எனக்கும் அப்படித்தான். வேட்டைநாய்களின் அழகான சொற்களைப் பேசும்போது இதையும் பேசியாக வேண்டும். அரசரின் வேட்டைக்காடு என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் ஊர்களும் வயல்களும் இருந்தன. அங்கே குடியிருந்தவர் காவலுக்கு மாஸ்டிஃப் போன்ற பெரிய நாய் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மானைத் துரத்த முடியாதபடி முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். இதற்கு லாயிங் என்று பெயர், அதாவது நாயைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. பிற்காலக் காட்டுச் சட்ட நூல் ஒன்று முறையை விவரிக்கிறது: எட்டு அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டையில் நாயின் பாதத்தை வைத்து, இரண்டு அங்குல உளியை நகங்களின்மேல் பொருத்தி, சுத்தியால் ஒரே அடி.

இதை நிறுத்தவில்லை என்றாலும் 1217-இல் வந்த காட்டுச் சாசனம் கட்டுப்படுத்தியது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் சோதனை, உள்ளங்கால் சதையை வெட்டக் கூடாது, வெட்டாத நாய் வைத்திருந்தால் அபராதம் 3 ஷில்லிங், அதற்காக மாட்டைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கடைசி வரியைப் பாருங்கள், அதுவரை மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? உழுகிற மாடு போனால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்! தென் இங்கிலாந்தில் அரசரின் பழைய வேட்டைக்காடான நியூ ஃபாரஸ்ட்டில், லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு பெரிய இரும்பு அங்கவடி இருக்கிறது. அதற்குள் நுழைந்து வரும் அளவு சிறிய நாய்க்கு வெட்டு இல்லை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 11-ஆம் நூற்றாண்டு அரசர் வில்லியம் ரூஃபஸின் பெயரால் அதை அழைத்தாலும், அது பல நூற்றாண்டுகள் பிந்திய டியூடர் அரசர்கள் காலத்துப் பொருள் என்கிறார்கள்.

கேள்வி: இப்போதும் இங்கிலாந்தில் நாய்களை வைத்து வேட்டையாடுகிறார்களா? இந்தச் சொற்களை யாராவது பேசுகிறார்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டு விலங்குகளை நாய்களால் வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது, அது 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. சில விலக்குகள் உண்டு, உதாரணமாக இரண்டு நாய்களுக்கு மேற்படாமல் வைத்து, ஒளிந்திருக்கும் விலங்கைக் கிளப்பிச் சுடுவதற்கு நிபந்தனைகளோடு அனுமதி. தடை வந்தது சரி என்றே நான் நினைக்கிறேன். பல கூட்டங்கள் பிறகு முன்கூட்டியே தரையில் வாடையை இழுத்துப் போட்டு அதன் பின்னால் நாய்களை ஓட்டும் முறைக்கு மாறின, அந்தப் பெயரில் உண்மையான நரிவேட்டை நடக்கிறது என்ற புகாரும் வழக்குகளும் தொடர்ந்தன.

சொற்கள் அங்கே இருக்கின்றன. ஃபாக்ஸ்ஹவுண்டின் வால் இன்றும் ஸ்டெர்ன்தான். வாடை கிடைத்ததுபோல் இருக்கிறது, ஆனால் குரல் கொடுக்கும் அளவுக்கு உறுதி இல்லை என்னும்போது நாய் வாலை மட்டும் விறுவிறுவென்று ஆட்டும், அதற்கு ஃபெதரிங் என்று பெயர். உறுதியானதும் வாயைத் திறக்கும், கூட்டத்தில் மற்ற நாய்கள் அதன் குரலை நம்பி ஓடிவரும். வாடையே இல்லாமல் குரைக்கும் நாய்க்கு பேப்ளர் என்று பெயர், அதன் குரலை மற்ற நாய்களே சட்டை செய்யாது, வளர்ப்பவர்களும் அதிலிருந்து குட்டி எடுக்கமாட்டார்கள்.

அடுத்த இதழுக்குப் பருந்து வேட்டையைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துவைத்திருக்கிறேன். நாய்களைப் பற்றி மிச்சம் இருந்தால் அனுப்புங்கள், அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.